காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சைக் கவனியுங்கள்

2024 டிசம்பரில் வடமராட்சியில் இனந்தெரியாத காய்ச்சல் என்று பேசப்பட்டது, எலிக்காய்ச்சல் என்று தெரியவருவதற்குள் உயிர்கள் போய்விட்டன. மாரி வந்தால் சண்டிலிப்பாய் வயல்களிலும் அதே சேறுதான், அதே எலிகள்தான். டெங்குவும் கூடவே வரும். இந்த இரண்டு காய்ச்சலும் சிலருக்கு இதயத்தசையில் அழற்சியை உண்டாக்கும். கடுமையானால் துடிப்புத் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து.

இதயத்துக்குள் குழாய் விட்டுத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதே இந்த அழற்சியைத் திட்டவட்டமாக உறுதிசெய்யும் வழி. அதை அடிக்கடி செய்ய முடியாது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் இத்தகைய நோயாளரிடம் வேறொரு முறையை ஆராய்ந்து வருகிறார்கள். இதயம் துடிக்கும்போது எழும் காந்தப்புலத்தை அளப்பது அது. பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் வலிமை. நோயாளி கைக்கடிகாரத்தையும் தொலைபேசியையும் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால் போதும். உணரி நெஞ்சுக்கு மேலே தொடாமல் நிற்கும். ஊசியோ கதிர்வீச்சோ கிடையாது. சிகிச்சையில் அழற்சி தணிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நமக்கு எட்டிய தூரத்தில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய உணரிகளுடன் இப்புலத்தை அளக்கும் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் பௌதிகவியல் துறையும் இதில் சேர்ந்து இறங்கலாம். புலம்பெயர்ந்த நம் உறவுகள் அதற்குக் கைகொடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத வேலைகள் ஊரில் கிடக்கின்றன. காய்ச்சல் விட்டவர் கிணற்றடிக்குப் போய்வரவே களைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால், "காய்ச்சல் களைப்பு, கஞ்சியைக் குடி" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அழற்சி என்று தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் விளையாட்டு ஆகாது. பயிற்றுநர் பிள்ளையை மைதானத்துக்கு அவசரப்படுத்தக் கூடாது. வயற்காரர் தேறாதவரைச் சேற்றில் இறக்கக் கூடாது. நாட்கூலிக்காரர் ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது. அந்த வீட்டுச் செலவைச் சனசமூக நிலையமும் கோவில் சபையும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

காலபோக விதைப்புக்கு முன்னரே பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் கூட்டுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபையார், கமக்காரர் அமைப்புகள், அதிபர்கள் எல்லோரும் வரட்டும். வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை யார் கொடுப்பது, வாய்க்கால் எப்போது துப்புரவாவது, காய்ச்சலில் தேறியவர் வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பது என்று பெயர் குறித்து முடிவெடுங்கள்.