மின்சாரம் வந்தது, வோல்ற்று வந்ததா?

மீள்குடியேறிய எமது கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று உண்டு: "கறண்ட் இருக்குது, ஆனால் காணாது." மோட்டரைப் போட்டால் விளக்கு மங்குகிறது. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் மின்குமிழ் மினுங்குகிறது. உடனே கடன்பட்டாவது ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிடுகிறோம். வோல்ற்று எங்கே தொலைகிறது என்று அறியாமல் அதை வாங்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. தொலைந்ததை அது கண்டுபிடித்துத் தருவதில்லை. அதே வயரில் இன்னும் கூடிய மின்னோட்டத்தை இழுத்தே குறையை நிரப்புகிறது. பழுதான மூட்டு ஒன்று சுவருக்குள் இருந்தால் அது முன்னரைவிடச் சூடாகும்.

எமது நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற்று. அது 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் நிற்கவேண்டும்.

வாய்க்கால் நீண்டு ஒடுங்கினால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் குறையும் என்பது விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல. வயரும் அப்படித்தான். 50 மீற்றர் தள்ளியுள்ள கிணற்றடிக்கு, விளக்குக்குப் போடும் 1/1.13 வயரையே இழுத்து ஒரு குதிரைவலு மோட்டரைப் பூட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். போக 50, வர 50, ஆக 100 மீற்றர் செம்பு. அதன் தடை 1.8 ஓம் அளவில் இருக்கும். ஓடும்போது மோட்டர் 6 அம்பியர் எடுத்தால் 11 வோல்ற்று வழியிலேயே போய்விடும். அதைத் தாங்கலாம். ஆனால் புறப்படும் கணத்தில் அது ஐந்து மடங்கு, 30 அம்பியர் கேட்கும். அப்போது இழப்பு 54 வோல்ற்று. வோல்ற்று கால்வாசி குறைந்தால் மோட்டரின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும், சுருள் கருகும். அதே தூரத்துக்கு 7/0.85 வயர் போட்டால் இழப்பு 14 வோல்ற்றோடு நிற்கும். வயரில் மிச்சம்பிடித்த பணத்தை மோட்டர் திருத்தக் கொடுக்கலாம். இதற்கிடையில் வெங்காயம் வாடிய நாட்களுக்கு யார் கணக்குப் பார்ப்பது?

வயரைவிட நான் அஞ்சுவது மூட்டுக்களுக்கே. 10 அம்பியர் ஓடும் தளர்ந்த மூட்டில் ஒரேயொரு ஓம் தடை இருந்தால் அங்கே 100 வாற்று வெப்பம் பிறக்கும். பழைய 100 வாற்றுக் குமிழ் ஒன்றை ஓலைக் கூரைக்குள் செருகி வைத்ததற்குச் சமம் அது. கம்பத்திலிருந்து வரும் அலுமினிய வயரை வீட்டுச் செம்பு வயரோடு கையால் முறுக்கி நாடா சுற்றிவிடுவதைக் காண்கிறோம். ஈரத்திலும் கடற்காற்றிலும் அது அரித்துப்போகும்.

தொழிற்சாலையில் செய்து லொறியில் கொண்டுவந்து பொருத்தும் வீட்டில் இது இன்னும் சிக்கல். வயர்கள் சுவர்த் தட்டுகளுக்குள் முன்பே ஓடியிருக்கும். தட்டுகள் சேருமிடத்தில் மூட்டு மறைந்திருக்கும். வழிக் குலுக்கலில் திருகாணி தளரலாம். 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் பேசப்பட்டபோது வெப்பம், ஆயுள், செலவு பற்றி நிறைய வாதம் நடந்தது. சுவருக்குள் மூட்டு பழுதுபட்டால் யார் திறந்து பார்ப்பது என்பதும் அதே அளவு பெரிய கேள்விதான். உருக்கோ தகரமோ, உலோகச் சுவரில் தோல் உரிந்த வயர் பட்டால் வீடு முழுவதும் கறண்ட் பாயும். ஏர்த் கம்பியும் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிச்சும் அங்கே அலங்காரம் அல்ல.

பிழையைக் கண்டுபிடிக்க முதலில் அயல்வீட்டைக் கேளுங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லோர் வீட்டிலும் மங்கினால் பிழை பெரும்பாலும் உங்கள் வீட்டில் இல்லை. லைன் நீண்டுவிட்டது, அல்லது ட்ரான்ஸ்போமர் காணாது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீற்றருக்கு வரும் இணைப்பையும் உள் வயரிங்கையும் சந்தேகியுங்கள். சுடும் பிளக், மஞ்சளித்த சுவிச், கருகல் மணம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மெயினை நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்ற மின்தொழிலாளியை அழையுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். கேத்தலைப் போட்டுவிட்டு அவர் மெயின் சுவிச்சிலும் பிளக்கிலும் அளக்கட்டும். மெயினில் 228, பிளக்கில் 205 என்றால் களவு வீட்டுக்குள். மெயினிலேயே 205 என்றால் வெளியே.

ஒன்றை மட்டும் தாமதிக்கக் கூடாது. சில வீடுகளில் விளக்கு மங்க, வேறு வீடுகளில் வழமைக்கு மாறாகப் பிரகாசித்தால் வீதி லைனில் நியூற்றல் அறுந்திருக்கக்கூடும். சில வீடுகளுக்கு 400 வோல்ற்றை நெருங்கியும் வரும். மெயினை நிறுத்துங்கள், அயலுக்கும் சொல்லுங்கள், மின்சார அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள்.

வீடமைப்புத் திட்டம் நடத்துவோரோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இரண்டு குமிழ், ஒரு பிளக் போட்டுவிட்டு, "மின் இணைப்பு வழங்கப்பட்டது" என்று அறிக்கை எழுதினால் போதுமா? கமக்காரக் குடும்பத்தின் வீட்டுக்குக் கிணற்று மோட்டர் வராதென்று யார் நினைத்தது? மோட்டருக்குத் தனி லைன் மதிப்பீட்டிலேயே இருக்கவேண்டும். வீட்டைப் பொறுப்பேற்கும்போது என்ன வயர், ஏர்த் கம்பி எங்கே என்று நீங்களும் கேளுங்கள். இலவசமாகத் தந்த வீட்டில் குறை கேட்கலாமா என்று கூசுகிறவர்கள் எம்மில் பலர். கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.

குறை வெளியே என்றால் தனித்தனியே போய் வரிசையில் நிற்காமல் கமக்காரர் அமைப்பின் மூலம் எழுதுங்கள். "வோல்ற்று காணாது" என்ற ஒரு வரி போதாது. ஒரு வாரம், தினமும் இரவு 8 மணிக்கு நாலைந்து வீடுகளில் அளந்த எண், திகதி, ஒவ்வொரு வீட்டின் மின்கணக்கு இலக்கம், ட்ரான்ஸ்போமரிலிருந்து உள்ள தூரம் எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் பிரதியை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.