பழைய பேஸ் போதும்

பேஸ் கிதாரின் கழுத்தில் வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் உண்டு. மெட்டே இல்லாத பேசும் உண்டு. “அது கைதேர்ந்தவர்க்கே உரியது, விலையுயர்ந்ததாக வாங்கும்வரை பொறு” என்கின்றனர் நண்பர்கள். நான் உடன்படேன்.

1961இல் இங்கிலாந்தில் பில் வைமன் என்ற இளைஞர், பிறர் வாசித்துக் கழித்த மலிவான பேஸ் ஒன்றை வாங்கினார். தேய்ந்த மெட்டுகள் இரைந்தன. புதியன பதிக்க எண்ணிப் பழையவற்றைப் பிடுங்கினார். வெறுங்கழுத்தின் ஒலி இனித்தது, அப்படியே விட்டுவிட்டார்! மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. செல்வம் செய்த வேலையா இது?

பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை நான். செம்பை வைத்தியநாத பாகவதரைத் தந்த பாலக்காட்டில் வளர்ந்தவன். இங்கே கச்சேரிகளில் வயலின் கேட்காத செவி உண்டா? அதற்கு மெட்டு ஏது? கமகத்தில் ஊறிய செவிக்கு அச்சம் எதற்கு?

அஞ்ச வேண்டியது அளவுக்குத்தான். கம்பி 86 செ.மீ. என்றால் சரிபாதியில், 43இல், மேல் ஸட்ஜம். முதல் அரைச்சுரம் ஏறத்தாழ 4.8இல். மெட்டு இருந்தபோது அதற்குச் சற்றுப் பின்னே அழுத்திய விரல், இனி மெட்டு இருந்த இடத்திலேயே அழுந்த வேண்டும். இம்மி விலகினாலும் சுருதிப்பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வாங்கும்போது கழுத்து கோணாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வண்ணம் உரிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.