கியர் பாக்ஸை இறக்கும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

பழைய மாருதி வேன் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. முதல் கியர் போடும்போது 'கர்'ரென்று சத்தம் வரும். கிளட்ச் மிதி கல்லாய்க் கனக்கும். புதுக் கேபிள் மாட்டினாலும் சில மாதங்களில் அதுவும் போய்விடும். அதே வண்டியில் காலையில் செல்ப் எடுக்காது, ஹெட்லைட் மங்கும். இவற்றை இரு வேறு நோய்கள் என்று கருதி, ஒன்றுக்குக் கியர் மெக்கானிக்கையும் மற்றொன்றுக்கு பாட்டரிக் கடையையும் நாடுவதே வழக்கமாக இருக்கிறது. இது சரியான முறையன்று.

1984இல் வந்து, 1988 முதல் ஆம்னி என்று பெயர் பெற்ற இந்த 796 சி.சி. வேனின் உற்பத்தி 2019இல் நின்றது. ஆயினும் உரமூட்டை, பால்கேன், காய்கறிக் கூடை ஏற்ற இதற்கு ஈடாகச் சிறு விவசாயிக்கு வேறு வண்டி எளிதில் அமைவதில்லை. வளையமாதேவியைப் போல, 2023 ஜூலையில் சுரங்கக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற நிலத்திலேயே மண்வெட்டி இயந்திரம் இறங்கிய ஊர்களில், வேன் ஒரு வாரம் பட்டறையில் நின்றால் குடும்பத்துக்கு அது சிறிய நஷ்டமன்று.

கோளாறின் மூலத்தைப் பார்ப்போம். செல்ப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் இழுக்கும். அது என்ஜினிலிருந்து பாட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழிதான் எர்த் ஒயர். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் இந்த ஒயர் துருப்பிடித்தாலோ போல்ட் தளர்ந்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்கு இரும்பாகவே செல்வது கிளட்ச் கேபிள் அல்லவா? அதன் வழியே பாயும். கேபிள் சுடும், உள்ளே உள்ள கிரீஸும் உறையும் கருகும், இழுவை இறுகும். கிளட்ச் முழுதாக விடாது, கியர் கத்தும். பழி மட்டும் கியர் பாக்ஸ் மேல் விழும். நாட்டுக்கு மின்சாரம் தரும் நெய்வேலிக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் வழிதவறி இத்தனை செலவு வைப்பது வேடிக்கைதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பாட்டரியின் நெகடிவ் கம்பத்திலும் மறு முனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவர் செல்ப் போட வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று கொள்ளலாம். பலமுறை செல்ப் போட்டபின் கிளட்ச் கேபிள் சூடாயிருந்தால் சந்தேகமே இல்லை. என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பின் ஆல்ட்டர்னேட்டர் நன்றாக உள்ளது. பாட்டரியை மாற்றத் துடிக்க வேண்டியதில்லை.

கியர் பாக்ஸ் கெடவே கெடாது என்பதல்ல. என்ஜினை நிறுத்திய நிலையில் கியர் இலகுவாய் விழுந்து, ஓடும்போது மட்டும் கத்தினால் அது கிளட்ச் கோளாறு. சுமையில் கியர் தானே கழன்று விழுந்தால் கியர் பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டும். வண்டி கிளம்பும்போது 'டக்' என்று அடித்தால் புரொபெல்லர் ஷாப்ட் ஜாயின்ட்டை முதலில் அசைத்துப் பார்க்கலாம்.

அறுவடைக்குப் பின் வயலெலி வண்டிக்குள் புகுந்து ஒயர் கடிப்பதும், மின்விசிறிக்கும் கூடுதல் ஹார்னுக்கும் கண்ட இடத்தில் ஒயரை முறுக்கி ஒட்டுவதும் தனிக் கதை. பின்னதற்குப் பொறுப்பு உரிமையாளர்களே.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமில்லை. ஒரு மணி நேரம் மீட்டர் பிடித்துப் பிழையைக் கண்டவருக்கு, "என்ன மாற்றினாய்?" என்று கேட்டுக் கூலியைக் குறைக்கிறோம். புதுச் சாமானைக் காட்டியவருக்கோ கேட்ட தொகை கிடைக்கிறது. பின் அவர் ஏன் மீட்டரைத் தொடப்போகிறார்? பார்ப்பதற்கென்று ஒரு கூலியை முன்கூட்டியே பேசிவிடுவதும், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குவதும் நல்லது.

ஐப்பசி மழை இறங்குமுன் பாட்டரி முனைகளையும் எர்த் ஒயர் பதியும் இரும்பையும் உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட வேண்டும். ஒயர் நைந்திருந்தால் அதே பருமனில் புதிதாய்ப் போடலாம். கியர் பாக்ஸ் இறக்கும் கூலியில் இது சிறு பங்குகூட ஆகாது.