விதியை எழுதியவருக்கும் விதி உண்டு

அயர்லாந்தின் கேலிக் உதைபந்தாட்ட வீரருக்கு ஊதியம் இல்லை. எண்பதாயிரம் பேர் முன் ஆடினாலும் மறுநாள் அவர் தம் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். ஊதியமில்லாத ஆட்டத்துக்கு விசாரணையும் சட்டத்தரணியும் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஊதியம் இல்லாதவருக்கு மானமும் இல்லையா?

2015 ஆகஸ்ட் 30. மேயோவுக்கெதிரான அகில அயர்லாந்து அரையிறுதியில் டப்ளின் வீரர் டியார்மிட் கொனொலி சிவப்பு அட்டை பெற்றார். ஆட்டம் சமநிலை, மறு ஆட்டத்துக்கு ஆறே நாட்கள். ஒரு போட்டித் தடையை விசாரணைக் குழு உறுதிசெய்தது. மேன்முறையீட்டுக் குழுவும் கைவிரித்தது. ஆனால், 2005இல் தொடங்கப்பட்ட சுயாதீனப் பிணக்குத் தீர்வு அதிகாரசபை, போட்டி நாளன்று அதிகாலையில், மூவரில் இருவரின் முடிவால் தடையை நீக்கியது. அவருக்கு நியாயமான நடைமுறை வழங்கப்படவில்லை என்பதே காரணம். அன்று மாலை அவர் ஆடினார், டப்ளின் வென்றது.

உடனே எழுந்தது கூச்சல்: "ஓட்டை வழியே தப்பிவிட்டார்!" ஓட்டையை வைத்தவர் யார்? வீரர் விதி மீறினால் தண்டனை. தண்டிப்பவர் மீறினால் அது வெறும் 'தொழில்நுட்பத் தவறு'. இது எந்த ஊர் நியாயம்?

என் கவலை வேறு. டப்ளின் வீரருக்காக வாதாட ஆளுண்டு. குக்கிராமக் கழகத்து இளைஞனுக்கு யார் உண்டு? அவன் தடையை ஏற்று மௌனமாக வீட்டில் இருப்பான். விசாரணைகளைக் குறைப்பது இதற்குப் பரிகாரமாகாது. முதல் விசாரணையே நேர்மையாக நடந்தால், நள்ளிரவுச் சட்டத்தரணிக்கு வேலையே இராது.