முகப்படத்திற்கு ஒரு லென்ஸ்

அரக்கோணத்தில் இரயில் நிலையத்தை அடுத்த தெருவொன்றில் வாழும் நம் நண்பர் ஒருவரின் ஆயா சென்ற ஆண்டு காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்ற நாம், கூடத்தில் மாலையிட்டு வைத்திருந்த படத்தைக் கண்டு திகைத்து நின்றோம். எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, மக்களையும் மக்களின் மக்களையும் வளர்த்து ஆளாக்கிய அம்மூதாட்டியின் முகம், வாக்காளர் அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவான படத்தினின்று பெருக்கி எடுக்கப்பட்டிருந்தது. கண்கள் இரண்டும் இரு கரிய புள்ளிகளாகவே தோன்றின. வீட்டில் வேறு படம் இல்லை.

இத்தனைக்கும் நம் நண்பரிடம் நல்ல காமிரா ஒன்று உண்டு. அதில் இரயில்களும் ஏரிக்கரைகளும் மழைமேகங்களும் ஆயிரக்கணக்கில் பதிந்திருந்தன. ஆயா மட்டும் இல்லை. காரணம் வினவியபோது அவர் கூறிய மறுமொழி நம் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை: "ஒரு முறை அருகே சென்று எடுத்தேன். மூக்கு மிகப் பெரிதாக விழுந்துவிட்டது. இது என் முகமே இல்லையே என்று ஆயா சிரித்துவிட்டு அழிக்கச் சொன்னார்கள். நல்ல லென்ஸ் வாங்கிய பிறகு எடுக்கலாம் என்று இருந்தேன்."

இக்கட்டுரை அம்மறுமொழியிலிருந்து பிறந்ததாகும். முகப்படத்திற்கு ஏற்ற லென்ஸ் எது, அதனை எவ்வாறு கையாள்வது என்பன வெறும் பொழுதுபோக்கு விஷயங்கள் என்று எண்ணுவாரும் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நம் அபிப்பிராயம் யாதெனில், முகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸின் குறை அன்று, நாம் நிற்கும் தூரத்தின் குறையே. அத்தூரத்தில் நம்மை நிறுத்தும் எளிய லென்ஸ் ஒன்றே போதும். அதற்கு மேற்பட்ட ஒன்றிற்காகக் காத்திருப்பது, காத்திராத காலத்திடம் நம் முதியோரைப் பறிகொடுப்பதாகும் என்பதே.

லென்ஸின் வரலாறே முகத்தோடு பிணைந்தது. 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகரின் படமெடுக்கும் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. கட்டடம் அசையாது நிற்கும். மனிதன் அவ்வளவு நேரம் கண்ணிமையாதிருப்பது எங்ஙனம்? அடுத்த ஆண்டே, 1840இல், வியன்னா நகரத்துக் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் என்பார், பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்கறிந்த வீரர் சிலரின் துணையோடு கணக்கிட்டு ஒரு புதிய லென்ஸை வகுத்தார். ஃபோக்ட்லாண்டர் என்னும் நிறுவனம் அதனைச் செய்து விற்றது. டாகரின் காமிராவிலிருந்த லென்ஸைவிட அது பதினைந்து மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விட்டது. ஓரங்களில் தெளிவு குன்றும். நடுவே முகம் மிகத் தெளிவாக விழும். இவ்வாறு, கணிதத்தால் வகுக்கப்பட்ட முதற்பெரும் லென்ஸ் மலைக்கும் மாளிகைக்கும் அன்று, மனித முகத்திற்கே வகுக்கப்பட்டது.

நம் நாட்டிற்கும் இக்கலை விரைவில் வந்தது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியது. இராயபுரத்திலிருந்து அரக்கோணத்தின் வழியாக வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியதும் அதே 1856இல்தான். ஆயினும் அக்காலத்துக் காமிரா நம்மவர் முகத்தை நோக்கிய விதம் வேறு. 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற படநூலில், நம் நாட்டு மாந்தர் பெரும்பாலும் இன்ன குலத்தவர், இன்ன தொழிலினர் என்ற மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். முகம் பதிந்தது, ஆள் பதியவில்லை.

இனித் தூரத்தின் இயல்பைக் கூறுவோம். நம் மூக்கின் நுனிக்கும் காதிற்கும் ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளி உண்டு. காமிரா மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருப்பின், காது 52 செ.மீ. தூரத்தில் இருக்கும். அருகிலுள்ள பொருள் பெரிதாகத் தோன்றுமாதலின், காதின் அளவோடு ஒப்பிட மூக்கு முப்பது விழுக்காடு மிகுந்து விழும். காமிராவை 2 மீட்டர் தூரத்திற்குக் கொண்டு செல்வோமாயின் அம்மிகை ஆறு விழுக்காடாகக் குறைந்துவிடும். எதிரே அமர்ந்து உரையாடும் ஒருவரை நாம் காணும் தோற்றம் ஏறக்குறைய இதுவே. ஆயா தம் முகத்தைத் தாமே அறியாமற் போனது ஏன் என்பது இதனால் விளங்கும். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சியைக் காண்பது. முகத்தால் படத்தை நிரப்ப விரும்புவோர் அதனை முகத்தருகே கொண்டு செல்ல நேர்கிறது. கைப்பேசியன்றி வேறு கருவி இல்லாத மாணவரும் இரண்டு மீட்டர் விலகி நின்று, அதிலுள்ள இருமடங்கு நெருக்கத்தைப் பயன்படுத்துவாராயின் குறை பெரிதும் நீங்கும்.

காமிரா உடையவர் வாங்கத்தக்கது எது? குவியத் தூரம் மாறாத லென்ஸையே பிரைம் லென்ஸ் என்பர். அருகும் சேய்மையும் நின்ற இடத்திலிருந்தே மாற்றவல்லது ஜூம் லென்ஸ். பின்னது வசதியானது, திருமணக் கூட்டத்தில் அதற்கு ஈடில்லை. ஆயின் அவ்வசதியே முகப்படத்திற்குப் பகையாகிறது. நின்ற இடம் சரியா என்று எண்ணாமல் வளையத்தைத் திருகிவிடுகிறோம். பிரைம் லென்ஸோ நம் காலை நகர்த்துகிறது. நாலைந்து நாள் பழகினால், எத்தூரத்தில் நின்றால் எவ்வளவு அடங்கும் என்பது கைவந்துவிடும். கண்ணும் எதிரே இருப்பவரை நோக்க விடுதலை பெறும்.

மாணவர் பலரிடம் உள்ள காமிராக்களில் ஒளி பதியும் தகடு ஏறக்குறைய 24 மி.மீ. நீளமும் 16 மி.மீ. அகலமும் உடையது. அத்தகைய காமிராவிற்கு 50 மி.மீ. பிரைம் லென்ஸே ஏற்றது என்பது நம் துணிபு. காமிராவை நிமிர்த்திப் பிடித்து 2 மீட்டர் தூரத்தில் நின்றால், 94 செ.மீ. உயரமுள்ள காட்சி அடங்கும். அஃதாவது உச்சி முதல் இடை வரை. முகப்படத்திற்கு 85 மி.மீ. அன்றோ சிறந்தது என்று வினவுவர் சிலர். 36க்கு 24 மி.மீ. அளவான பெரிய தகடுடைய காமிராவிற்கு அது பொருந்தும். சிறிய தகட்டில் அதே காட்சி அடங்க ஏறக்குறைய 3.4 மீட்டர் விலக வேண்டும். நம் ஊர் வீடுகளிலோ பத்தடிக்குப் பத்தடி அறை; அதாவது 3 மீட்டரும் சொச்சமும். அதிலும் கட்டில் ஒரு புறம், பீரோ ஒரு புறம். சுவரைத் துளைத்துக்கொண்டு பின்செல்ல இயலாதன்றோ? லென்ஸை விளம்பரத்தைக் கொண்டு தேராது வீட்டைக் கொண்டு தேர்தல் வேண்டும்.

துவாரத்தின் அளவிலும் பேராசை வேண்டா. எஃப் என்னும் எண் சிறுகச் சிறுகத் துவாரம் பெருகும். காமிராவோடு வரும் ஜூம் லென்ஸ் 50 மி.மீ. அளவில் பெரும்பாலும் எஃப் 5.6 வரையே திறக்கும், எஃப் 1.8 பிரைம் லென்ஸ் அதனினும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி தரும். மங்கிய கூடத்திலும் விளக்கின் துணையின்றிப் படம் எடுக்கலாம். எஃப் 1.4 லென்ஸ் ஒளியை மேலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கே பெருக்கும். விலையையோ பன்மடங்கு பெருக்கும். கானன், நிகான் முதலிய நிறுவனங்களின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள் அவற்றின் வரிசையில் மிக மலிவானவற்றுள் அடங்கும். அதற்கும் வசதியில்லாதோர் சென்னைக்கு மின்சார இரயில் ஏறிச் சென்று, ஒருவர் பயன்படுத்திய லென்ஸை வாங்கலாம். கைவிளக்கை ஒரு புறம் பிடித்து மறுபுறம் நோக்கி, உள்ளே சிலந்தி வலைபோற் பூஞ்சை படர்ந்துள்ளதா என்று காண்க. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்க் கசிவு உண்டா என்றும் காண்க. நிகானின் பழைய லென்ஸ்களுட் சில, விசைப்பொறி இல்லாத சிறு காமிராக்களில் தாமாகக் குவியா. தம் காமிராவில் மாட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. தோற்றொழிலுக்குப் பேர்போன பகுதியினராகிய நாம், லென்ஸைத் தோல் உறையில் நெடுநாள் வைத்தலாகாது. தோல் ஈரத்தைப் பற்றும். பூஞ்சைக்கு அது விருந்து. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே நன்று.

கையாளும் முறைக்கு வருவோம். லென்ஸ் வாங்கிய புதிதில் நாமும் பிழை செய்தோம். துவாரத்தை எஃப் 1.8க்கு முழுதும் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, பெரியவர் ஒருவரைப் படமெடுத்தோம். அவ்வளவில் தெளிவின் ஆழம் 3 செ.மீ.க்கும் குறைவு. ஒரு கண் பளிச்சென்றிருந்தது, மறுகண் மங்கிவிட்டது. பின்புலம் அழகாகக் கரைந்ததைப் பாராட்டினோர், பெரியவரும் பாதி கரைந்துபோனதைச் சொல்லவில்லை. 2 மீட்டர் தூரத்தில் எஃப் 2.8 வைத்தால் தெளிவு ஏறக்குறைய 18 செ.மீ. ஆழம் நிற்கும், மூக்கும் கண்களும் காதும் அடங்கும். நமக்கு அருகிலுள்ள கண்ணிற் குவிக்க. ஷட்டரின் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்கிற்குக் குறையாதிருப்பின் சிறு அசைவு படத்தைக் கெடுக்காது.

ஒளிக்குத் திண்ணையை மிஞ்சிய இடமில்லை. உச்சிவெயில் கண்குழியை இருளாக்கும். நிழலான திண்ணையின் விளிம்பில், தெருவை நோக்கி அமரச் செய்க. வானத்தின் ஒளி முகத்தில் மென்மையாக விழும், கண்ணில் ஒரு பொறி மின்னும், பின்னே வீட்டின் இருள் நிற்கும். ஆயின் காமிரா தானாக அளக்கும் அளவை நம்பிவிடலாகாது. அது வெண்மையையும் கருமையையும் சராசரிச் சாம்பலாக்க முயல்வது. வெள்ளைச் சுவரின் முன் கருநிற முகம் மேலும் கருத்துப்போகும், ஒளியைக் கூட்டுக. இருண்ட வாயிலின் முன் முகம் வெளிறிப்போகும், குறைக்க.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. எடுத்த படத்தைப் பின்னர் வெளுப்பாக்கித் தருதலே அது. கருநிறம் ஒளியின் குறையன்று; திருத்தத்தக்க பிழையுமன்று. சுருக்கங்களைத் துடைப்பதும் அத்தகையதே. துடைத்த பின் எஞ்சுவது அழகிய முகமாயிருக்கலாம், ஆயாவின் முகமாயிராது.

முற்காலக் காமிராக்களின் துருத்தியும் உறையும் தோலால் ஆனவை. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் கைதேய்ந்தவருள், தம் முகம் ஒரு முறையேனும் செவ்வனே பதியப் பெற்றவர் எத்தனை பேர்? நம் மாணவருட் பலர் அவர்தம் மக்களே, பேரர்களே. அவர்களைத் தொழிலாளர் என்ற மாதிரியாக எடுப்பது பழைய பிழையையே மீண்டும் செய்வதாகும். இசைவு கேட்டு, பெயரறிந்து, சற்று நேரம் பேசியிருந்து எடுக்க. இரண்டு மீட்டர் என்பது பேச்சுக் கேட்கும் தூரம். அதனையே நாம் போற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்த படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் எழுதி, முதற்படியை அவரிடமே கொடுக்க. கைப்பேசி தொலையும்; சுவரில் மாட்டிய படம் நிற்கும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றின் காமிராவிற் பொருந்தாது. எல்லா மாணவரும் வாங்கவும் இயலாது. ஆதலின் நம் கல்லூரி நூலகம், பயன்படுத்திய காமிரா ஒன்றையும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வாங்கி வைத்து, நூல் இரவல் தருவதுபோல் விடுமுறை நாட்களில் மாணவர்க்கு முறைவைத்து இரவல் தருமாயின் எவ்வளவு நன்மை விளையும்! பழைய மாணவருள் தம் பெட்டியில் உறங்கும் காமிராவை நல்குவோர் இலராகார். அதுவரை, இருக்கும் கருவியோடு இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், முதல் நாள் மாலையே வீட்டு முதியோரைத் திண்ணையில் அமர்த்தி, இரண்டு மீட்டர் விலகி நின்று, ஒரு படம் எடுத்து வருவார்களாக. நல்ல லென்ஸ் பின்னர் வரட்டும்.