கிணறு கொடுக்கும் விலை

மின்சாரப் பட்டியல் மாதந்தோறும் வீடு தேடி வருகின்றது. வெண்காயத்தின் விலையைச் சந்தையிற் கேட்டறிகின்றோம். இரண்டையும் கொடுத்துவிட்டால் நம் கடன் தீர்ந்ததென்று எண்ணுகின்றோம். ஆயினும் எப்பட்டியலிலும் எழுதப்படாத தொகையொன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் அதனைச் செலுத்துவது கிணறு.

நமது குடாநாடு ஆறில்லாதது. வழுக்கியாறு உண்டேயெனின், அது மாரியில் மட்டும் ஆறு. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதுவே. அந்நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும் என்பது நிலநீர் வல்லார் கணக்கு. துலா மிதித்த காலத்தில் மனிதனின் கால் களைத்ததும் கிணறு ஓய்வு பெற்றது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

நிலத்தில் விழுவதெல்லாம் அக்கல்லினூடே கீழே செல்லும். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் பெற்றோம். சுற்றுப்புறக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தது. அங்குள்ளோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனமொன்றுக்கு 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. விளக்கேற்றிய நம்மிடம் எவரும் ஒரு சதமும் கேட்கவில்லை.

எண்ணெயாவது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். யூரியாப் பசளையிலிருந்து பிறக்கும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. பால்மா கரைக்கும் நீரில் அது மிகுந்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். நம் தோட்டக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியவை.

பசளையைத் தடுத்தால் தீருமென்பாரும் உளர். 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைப் போதிய ஆயத்தமின்றித் தடுத்தது; விளைச்சல் விழுந்தது; அவ்வாண்டு முடியுமுன்னரே தடையும் விலகிற்று.

அண்மையிற் சந்தையில், தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் பிரசங்கித்தோம். (வகுப்பறைப் பழக்கம் சந்தையிலும் விடுவதில்லை.) அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், நீங்கள் பெரிசாய்ப் பார்த்துப் பொறுக்கிறபடியால்தானே நான் யூரியாவைக் கூட்டிப் போடுறன்" என்றார். நம் கையிலிருந்ததோ, திரண்டு பளபளத்த வெண்காயப் பிடி!

அவருடைய சாக்கின் பின்னே வேறொரு பிடி கிடந்தது. பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்த ஒரு துண்டில் விளைந்ததாம், காய் சிறிது, வாங்குவாரில்லை, வீட்டுக்கு வைத்திருக்கின்றார். "என்ரை பிள்ளையளும் அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்குதுகள்" என்று மெல்லச் சொன்னார்.

பெரியதை வைத்துவிட்டு அதனைக் கேட்டோம். சிறிது யோசித்துப் பாதியைத் தந்தார். விலை குறைக்கவுமில்லை, நாம் கேட்கவுமில்லை.

வீட்டில் நம் மனைவியார் அதனைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு சின்னனை ஆர் உரிக்கிறது?" என்றார். இப்பத்தியை எழுதி முடித்ததும் வருவதாகச் சொல்லியிருக்கின்றோம்.