கண்ணுக்குத் தெரியாத க்யூபை எப்படித் தீர்க்கிறாங்க? 4டி ரூபிக்ஸ் கத்துக்கொடுக்கும் பாடம்

ஆபீஸ் டேபிளில் ஒரு ரூபிக்ஸ் க்யூப் கிடந்தால் என்ன நடக்கும்? பத்துப் பேரில் ஒன்பது பேர் கையில் எடுத்து நாலு திருப்பு திருப்பிவிட்டு வைத்துவிடுவார்கள். பத்தாவது ஆள் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, ‘யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன்’ என்பார். ‘ஏன் இப்படித் திருப்புனா அந்த கார்னர் சரியாகுது?’ என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

அந்தச் சிரிப்பு செல்லாத ஓர் இடம் இருக்கிறது. நான்கு பரிமாண ரூபிக்ஸ் க்யூப்.

அப்படி ஒன்று நிஜமாவே இருக்கா?

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கட்டடக்கலை ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக், 1974-ல் இந்தப் புதிரை உருவாக்கினார். 1980-ல் அது உலகச் சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1982-ல், கமாக், கீன் என்ற இருவர் ‘இதையே நான்கு பரிமாணத்தில் செய்தால்?’ என்று கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதிவிட்டார்கள். பிறகு டான் ஹாட்ச், மெலிண்டா கிரீன் உள்ளிட்டோர் உருவாக்கிய ‘மேஜிக்க்யூப்4டி’ என்ற இலவச மென்பொருள், அந்தக் கணக்கைத் திரையில் திருப்பிப் பார்க்கக்கூடிய புதிராக மாற்றியது.

அதை எப்படிப் புரிந்துகொள்வது? படிப்படியாக ஏறலாம். சதுரத்துக்கு 4 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஒரு கோடு. கனசதுரத்துக்கு 6 முகம்; ஒவ்வொன்றும் ஒரு சதுரம். அதே வரிசையில் நான்கு பரிமாண வடிவத்துக்கு 8 ‘முகம்’. ஒவ்வொன்றும் ஒரு முழு கனசதுரம். சாதா க்யூபில் ஒரு முகத்துக்கு 9 ஸ்டிக்கர் வீதம் மொத்தம் 54. இங்கே ஒரு முகத்துக்கு 27 வீதம் 216.

கலைந்து கிடக்கக்கூடிய நிலைகள் எத்தனை? சாதா க்யூபில் 4-க்குப் பின் 19 இலக்கங்கள் வரும் எண். நான்கு பரிமாணத்தில் 1-க்குப் பின் 120 இலக்கங்கள். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களையே 1-க்குப் பின் 80 சைபர் போட்டுத்தான் தோராயமாகச் சொல்கிறார்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் ‘இதெல்லாம் ஜீனியஸ்களுக்கு’ என்று ஸ்க்ரோல் பண்ணிவிடத் தோன்றும். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிலைகளின் எண்ணிக்கை வேறு, கஷ்டம் வேறு. எல்லா நிலைகளையும் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. சாதா க்யூபையே எடுத்துக்கொள்வோம். எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 20 திருப்பங்களில் முடித்துவிடலாம் என்று 2010-ல் கம்ப்யூட்டர் உதவியோடு நிரூபித்துவிட்டார்கள். நான்கு பரிமாண க்யூபையும் மனிதர்கள் சில நூறு திருப்பங்களில் தீர்க்கிறார்கள்.

பார்க்க முடியாததை எப்படித் திருப்புவது?

நமக்குத் தெரிவது மூன்று பரிமாணம்தான். அதனால் மென்பொருள் காட்டுவது அந்தப் பொருளை அல்ல, அதன் நிழலை. சுவரில் விழும் நிழல் எப்படித் தட்டையோ, அப்படி நான்கு பரிமாணப் பொருளின் நிழல் முப்பரிமாணமாக விழுகிறது. 8 கனசதுரங்களில் 7 மட்டும் திரையில் தெரியும், எட்டாவது மறைந்திருக்கும்.

இதில் குழப்பம் என்னவென்றால், ஒரே துண்டின் நான்கு ஸ்டிக்கர்கள் திரையில் நான்கு வெவ்வேறு கனசதுரங்களில் தனித்தனியாகத் தெரியும். ஆனால் திருப்பும்போது நாலும் சேர்ந்தே நகரும். ‘இது எப்படி அதோட ஒட்டிக்கிட்டிருக்கு?’ என்று கண் கேட்கும். பதில் கண்ணுக்குக் கிடைக்காது, விதிக்குத்தான் தெரியும்.

இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. சாதா க்யூபில் மூன்று நிறமுள்ள கார்னரை அதன் இடத்திலேயே மூன்று விதமாகத்தான் வைக்க முடியும். நிறங்களின் சுற்று வரிசை மாறவே மாறாது. நான்கு பரிமாணத்தில் மூன்று நிறத் துண்டு ஆறு விதமாகவும் உட்காரும். அதாவது தன் கண்ணாடி பிம்பமாகவே மாறிவிடும்! இடது கை க்ளவுஸ், கிழியாமல், உள்பக்கம் வெளியே வராமல், வலது கை க்ளவுஸ் ஆவது போல. சாதா க்யூபில் கைதேர்ந்தவர் இதை முதல்முறை பார்த்தால் ‘ப்ரோகிராம்ல பக் இருக்கு’ என்றுதான் நினைப்பார். பக் இல்லை. அந்த உலகத்தின் நியாயம் அது.

அப்போ கை கொடுப்பது எது?

வீடியோ பார்த்து மனப்பாடம் செய்த திருப்பங்களை இங்கே அப்படியே இறக்க முடியாது. ஆனால் அந்தத் திருப்பங்களுக்குப் பின்னால் இருக்கும் காரணம் இங்கேயும் வேலை செய்யும். இரண்டே இரண்டு யோசனைகள் போதும்.

முதலாவது, டூவீலர் பார்க்கிங். நடுவில் மாட்டிக்கொண்ட வண்டியை எடுக்க, முன்னால் இருக்கும் வண்டிகளை நகர்த்துவோம். நம் வண்டியை எடுப்போம். நகர்த்தியவற்றைப் பழைய இடத்தில் வைப்போம். க்யூபிலும் அதேதான்: வழி ஏற்படுத்து, வேலையை முடி, ஏற்படுத்திய வழியை மூடு. மூடும்போது வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சாக்ஸ் போட்டுத்தானே ஷூ போட்டோம்; கழற்றும்போது ஷூதான் முதலில்.

இரண்டாவது இன்னும் அழகானது. ‘அ’ என்று ஒரு திருப்ப வரிசை, ‘ஆ’ என்று இன்னொன்று. ‘அ’ செய்து, ‘ஆ’ செய்து, ‘அ’-வைத் திருப்பிப் போட்டு, ‘ஆ’-வைத் திருப்பிப் போடுங்கள். இரண்டும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உரசுமென்றால், கடைசியில் மூன்றே மூன்று துண்டுகள்தான் இடம் மாறியிருக்கும். மற்றதெல்லாம் அசையாமல் இருக்கும். இது ஏதோ ட்ரிக் இல்லை, நிரூபிக்கப்பட்ட கணிதம். ‘எத்தனை பரிமாணம்?’ என்று இந்த விதி கேட்பதே இல்லை. மூன்றிலும் நான்கிலும் ஐந்திலும் ஒன்றுதான்.

இதை வைத்துக்கொண்டு 24 இரு நிறத் துண்டுகள், பிறகு 32 மூன்று நிறத் துண்டுகள், கடைசியாக 16 நான்கு நிறத் துண்டுகள் என்று ஒவ்வொரு வகையாக முடிக்கிறார்கள். அதே யோசனையோடு 810 ஸ்டிக்கர் உள்ள ஐந்து பரிமாண க்யூபையும், 120 பன்னிருமுகிகளால் ஆன, 7,560 ஸ்டிக்கர் உள்ள இன்னொரு நான்கு பரிமாணப் புதிரையும் மனிதர்கள் தீர்த்திருக்கிறார்கள்.

‘இதனால என்ன பிரயோஜனம்?’

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: இதனால் சம்பளம் ஏறாது. ‘மூளை ஷார்ப் ஆகும்’ என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். ‘திரையில் தெரியுறது வெறும் கலர் கட்டம், இதுல எங்க நாலாவது பரிமாணம்?’ என்ற விமர்சனத்திலும் பாதி உண்மை இருக்கிறது. திரையில் யாரும் நான்காவது பரிமாணத்தைப் பார்ப்பதில்லைதான். ஆனால் எந்த ஸ்டிக்கர் எதோடு சேர்ந்து நகர வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த வடிவவியல்தான். திரையையும் தாண்டி வந்துவிட்டது: இதன் சின்ன வடிவமான 2×2×2×2-ஐ, 16 துண்டுகளைக் காந்தத்தால் ஒட்டி, கையில் பிடிக்கும் பொருளாகவே வடிவமைத்துவிட்டார் மெலிண்டா கிரீன்.

பிரயோஜனம் வேறு இடத்தில் இருக்கிறது. 50 காலம் உள்ள எக்செல் ஷீட்டைத் தினமும் திறப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ 50 பரிமாணத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி. இன்றைய ஏஐ மாடல்கள் ஒவ்வொரு சொல்லையும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பரிமாணங்களில் ஒரு புள்ளியாகவே வைத்துக்கொள்கின்றன. அதை உருவாக்கியவர்களும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

‘கற்பனை பண்ணவே முடியல, அதனால எனக்குப் புரியாது’ என்ற ஒரே காரணத்துக்காக கணக்கை, கோடிங்கை, டேட்டாவைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி இதுதான்: கற்பனை பண்ண யாராலும் முடியாது. அது தகுதித் தேர்வே இல்லை.

இன்னொரு பக்கம், ஃபார்முலாவை மட்டும் உருப்போட்டு மார்க் வாங்கியவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கேள்வி பழைய வடிவத்தில் வரும்வரை மனப்பாடம் ஜெயிக்கும். ஒரு பரிமாணம் கூடினால் போதும், ‘ஏன்’ தெரிந்தவர்தான் மேலே போவார்.

அடுத்தமுறை டேபிளில் அந்த க்யூபைப் பார்த்தால், வீடியோவைத் தேடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் கொடுங்கள். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், முதலாவதைத் திருப்பிப் போடு, இரண்டாவதைத் திருப்பிப் போடு. எது நகர்ந்தது, எது அசையாமல் நின்றது என்று மட்டும் பாருங்கள். நான்காவது பரிமாணத்துக்குப் போகும் வழி அங்கேதான் தொடங்குகிறது.